காட்சிமுனையில் எடுத்த படம் சரியாக வரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

பயணம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் படங்களுக்கு ஏறத்தாழ ஒரே புகார்தான் இருக்கும்: கேமரா சரியில்லை என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் பின்னால் சாய்ந்து நிற்கும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பார்த்த பள்ளத்தாக்கு சாம்பல் பூசிய சுவர் போலத் தெரியும். கன்னியாகுமரிச் சூரியோதயத்தில் முகங்கள் கரியாகியிருக்கும். உறவினர், நண்பர், அலுவலகத் தோழர் என்று பலருடைய கைபேசிகளையும் கேமராக்களையும் வாங்கிப் பார்த்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வரிசையாகவே அமைந்துவிட்டது. அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும். முதலாவதைச் சோதிக்காமல் கடைசிக்குப் போனவர்கள்தாம் வீணாகச் செலவு செய்தவர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய இரண்டு

முதலாவது, மூலக் கோப்பைப் பார்ப்பது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்ட படம் சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். அதைப் பெரிதாக்கிப் பார்த்து "தெளிவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. எடுத்த கருவியிலேயே, கேலரியைத் திறந்து, படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால் பழுது எதுவும் இல்லை. இனிமேல் படங்களை ஆவணமாக இணைத்து அனுப்பினால் போதும்.

இரண்டாவது, லென்சைத் துடைப்பது. ஒருமுறை கன்னியாகுமரியில் என் சித்தப்பா, விளக்குகளிலிருந்து கோடுகோடாக ஒளி சிதறுகிறது, கைபேசி விழுந்ததில் லென்ஸ் கெட்டுவிட்டது என்று வருத்தத்தோடு நீட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது லென்சின் மேல் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் கையிலும், கையிலிருந்து கண்ணாடியிலும் ஏறியிருந்தது. லேசாக ஊதி, பருத்தி வேட்டியின் சுத்தமான முனையால் இரண்டு முறை வட்டமாகத் துடைத்ததும் கோடுகள் மறைந்தன. கடற்கரையில் மட்டும் ஓர் எச்சரிக்கை: மணலும் உப்பும் படிந்திருக்கும்போது துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு, பிறகு மென்துணியால் துடைக்க வேண்டும்.

இந்த இரண்டுக்குப் பிறகும் குறை நீடித்தால் மட்டும் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: படம் தெளிவில்லை

"தெளிவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு குறைகள் அடங்கும். படத்தைப் பெரிதாக்கி, எது எப்படித் தெளிவிழந்திருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால்

இது கை அசைவு. காட்சிமுனைகளில் காற்று பலமாக வீசுவதால், வீட்டில் நடுங்காத கையும் அங்கே நடுங்கும். கேமராவானால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தைப் பாருங்கள்: 200 மில்லிமீட்டர் லென்சுக்குக் குறைந்தது 1/200 விநாடி, காற்றடித்தால் அதற்கு இரு மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வேகம் போதவில்லையென்றால் ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர்வு அளவை) உயர்த்துங்கள், குருணை படிந்த படத்தைச் சற்றேனும் சீர்செய்யலாம், அசைந்த படத்தைச் சீர்செய்வது அரிது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் பாதிச் சிக்கல் தீரும்.

முக்காலி வைத்தும் அசைந்திருந்தால் மூன்றைச் சோதியுங்கள். விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் எடுத்தீர்களா? பழைய லென்சாக இருந்தால் அதன் அதிர்வுத் தடுப்பை அணைத்தீர்களா? நின்ற இடம் அசையாததுதானா? பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு பேருந்து கடந்தால் அந்த அதிர்வைக் காலிலேயே உணரலாம்; அங்கே எவ்வளவு நல்ல முக்காலியும் பயன்படாது, வண்டி கடந்து அடங்கும் வரை காத்திருப்பதே வழி.

அருகிலுள்ளது தெளிவாகவும் தொலைவிலுள்ளது மங்கலாகவும் இருந்தால்

ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பியிலோ முன்னால் தொங்கும் கிளையிலோ ஆட்டோ ஃபோகஸ் பிடித்துக்கொள்வது மிகப் பொதுவானது. திரையில் மலையின் விளிம்பைத் தொட்டு, அங்கேயே ஃபோகஸைப் பூட்டிவிட்டு எடுங்கள். மூடுபனிக்குள் பிடிப்பதற்கு ஒரு விளிம்பும் கிடைக்காமல் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அப்போது தொலைவில் தெரியும் ஒரு மரத்தில் பிடித்துவிட்டு, கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ் நல்ல வெளிச்சத்தில், தெளிவான விளிம்பின் மேலும் தொடர்ந்து தவறினால், இன்னொரு லென்சை மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் குறை லென்சில். அதிலும் தவறினால் குறை கேமராவின் உடலில். இரண்டுமே சர்வீஸ் வேலைதான், ஆனால் எதைக் கொடுப்பது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால்

இதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை. தொலைவிலுள்ள ஒரே பொருளை, ஒரு செல்பேசிக் கோபுரத்தையோ விளக்குக் கம்பத்தையோ, முதலில் சட்டத்தின் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வைத்து, அதே அமைப்பில் இரண்டு படங்கள் எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தெளிவு இருந்தால் லென்ஸ் நலம். முன்பு கண்ட மங்கல், பொருள்கள் வெவ்வேறு தொலைவில் இருந்ததால் வந்தது. எப்போதும் ஒரே ஓரம்தான் மங்குகிறது என்றால், லென்சுக்குள் ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது. பெரும்பாலும் பை கீழே விழுந்த பிறகு வரும் குறை இது. வீட்டில் திருகாணியைத் தொடவே வேண்டாம்; கருவி வைத்துச் சரிசெய்பவரிடம் கொடுங்கள், அதற்கு முன் மதிப்பீடு கேளுங்கள், ஏனென்றால் கேமராவோடு கூடவே வரும் சிறிய ஜூம் லென்சுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம்.

தொலைவிலுள்ள கட்டடம் மட்டும் நெளிந்து தெரிந்தால்

அது கேமராவின் குறையன்று, வெயிலில் சூடேறி அலையும் காற்றின் குறை. ஒரே காட்சியை அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள்: நெளிவு ஒவ்வொரு படத்திலும் வேறு வடிவில் இருந்தால் காரணம் காற்றுதான். விலை கூடிய லென்ஸ் வாங்கினால் அந்த நெளிவையும் சேர்த்துத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். காலையில், தரை சூடேறும் முன் எடுப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

அறிகுறி: கோபுரம் பின்னால் சாய்கிறது

கருவியை மேல்நோக்கிச் சாய்த்ததால் இது நேர்கிறது. காரணம் வேறெதுவும் இல்லை. கருவி நிமிர்ந்து நின்றால் கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். ஆகவே கேள்வி, நிமிர்த்திப் பிடித்தும் உச்சி சட்டத்துக்குள் வருமளவுக்குத் தள்ளி நிற்க இடம் உண்டா என்பதே.

எனக்குப் பெரிதும் உதவிய ஒரு கணக்கு இது. கைபேசியின் முதன்மை லென்சில், செங்குத்தாகப் பிடித்து, சற்றும் சாய்க்காமல் எடுக்கும்போது, கட்டடத்தின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவில் நின்றால் உச்சி உள்ளே வந்துவிடும். பெரிய கோயில் விமானம் 200 அடிக்கும் மேல் உயரம். ஆகவே 300 அடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். நந்தி மண்டபத்துக்கு அருகில் வந்த பிறகு தலையை அண்ணாந்து எடுப்பதை விட்டுவிட்டு, இராசராசன் திருவாயிலைக் கடந்து உள்ளே நுழைந்த உடனேயே நின்று எடுத்தால் விமானம் நேராக வரும். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தரையாக இருக்கும். அதைப் பின்னால் வெட்டிவிடலாம்.

தள்ளி நிற்க இடமில்லையென்றால் 0.5 என்று குறித்திருக்கும் அகல லென்சுக்கு மாறி, அப்போதும் நிமிர்த்தியே பிடியுங்கள். அதுவும் போதவில்லையென்றால் சாய்த்தே எடுத்துவிட்டு, திருத்தும் செயலியில் செங்குத்துத் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தத் திருத்தம் மேல் ஓரங்களின் இருபுறத்தையும் தின்றுவிடும் என்பதால், எடுக்கும்போதே கலசத்துக்கு மேலும் பக்கங்களிலும் தாராளமாக வானம் விட்டிருக்க வேண்டும். கலசம் சட்டத்தைத் தொடும்படி எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு என்னால் எதுவும் செய்துதர முடிந்ததில்லை. அச்சை நகர்த்தும் தனிவகை லென்ஸ் என்று ஒன்றுண்டு. கட்டடப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது தேவை, பயணிக்குத் தேவையில்லை.

அடிவானம் சாய்ந்திருந்தால் இன்னும் எளிது: அமைப்புகளில் கட்டக் கோடுகளையும் மட்டக் குறியையும் இயக்கிவிடுங்கள்.

அறிகுறி: வானம் வெளுத்துவிட்டது, அல்லது கட்டடமும் முகமும் கறுத்துவிட்டன

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். சூரியன் எங்கே நின்றது என்பதே முதற்காரணம். அதற்கு மருந்து நேரம்.

பெரிய கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் கிழக்கு நோக்கியவை. பெரிய கோயிலில் வாயிலிலிருந்து உள்ளே வரும்போது நாம் மேற்கே பார்த்து வருகிறோம்; காலையில் வெயில் நம் முதுகுப் பக்கத்திலிருந்து விமானத்தின் முகத்தில் விழும், மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டுத் திருச்சுற்றில் நடந்து தென்மேற்கு மூலைக்குப் போனால், அதே வெயில் கல்லின் மேல் பொன்னிறமாகப் படிந்திருப்பதைக் காணலாம். மூலையிலிருந்து உயரம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்குவது சற்று நெருக்கடியாக இருக்கும், ஆனாலும் அந்த ஒளிக்காகப் போகலாம். கடற்கரைக் கோயிலை நிலப்பக்கத்திலிருந்து எடுப்பவர்களுக்கு மாறாக மாலை ஒளியே சாதகம்.

நேரத்தை மாற்ற முடியாத பயணமானால் எக்ஸ்போஷரைத் திருத்துங்கள். வானம் வெளுத்திருந்தால், திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் ஈட்டை ஒரு படி குறையுங்கள், ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் ஒளிந்திருக்கும் விவரத்தைப் பின்னால் மீட்கலாம், முற்றிலும் வெளுத்துப்போன வானத்தில் மீட்பதற்கு எதுவுமே பதிவாகியிருக்காது. வசதி இருந்தால் ரா கோப்பாக, அதாவது சுருக்காத மூலப் பதிவாக எடுங்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துப் பதிவுசெய்யும் எச்.டி.ஆர். அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கன்னியாகுமரியில் சூரியோதயத்தின்போது விவேகானந்தர் பாறையும் 133 அடித் திருவள்ளுவர் சிலையும் நிழலுருவாக வருவதே இயல்பு, அழகும் அதுதான். முன்னால் நிற்கும் குடும்பத்தாரின் முகமும் தெரிய வேண்டும் என்றால் ஃபிளாஷைப் போட்டு, இரண்டு மூன்று அடி தள்ளி மட்டும் அவர்களை நிறுத்துங்கள். கைபேசி ஃபிளாஷ் அதற்கு மேல் எட்டாது. இன்னொன்றைக் கவலையோடு சொல்கிறேன்: டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்துளை வழியாக, தொலைநோக்கு லென்சில், மேலெழுந்துவிட்ட சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நேரும் சேதத்தை எந்த சர்வீஸ் மையமும் சரிசெய்யாது.

அறிகுறி: மலைக்காட்சி சாம்பல் நிறமாக, உயிரில்லாமல் இருக்கிறது

முதலில், கண்ணுக்கே அது எப்படித் தெரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவிலிருந்து சமவெளியைப் பார்க்கும்போது நமக்கும் அதற்கும் நடுவே பல கிலோமீட்டர் ஈரமும் தூசும் நிற்கின்றன. மனம் அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும், கேமரா கழிக்காது.

செலவில்லாத மருந்து மூன்று. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போகலாம். பிற்பகலில் மேகம் ஏறிவிடும் கொடைக்கானல் போன்ற இடங்களில், காட்சிமுனைகளைக் காலையிலும் ஏரியையும் பூங்காவையும் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம். வாடகை வண்டி ஓட்டுநர்கள் வழக்கமாக ஒரே சுற்றில் கொண்டுபோவார்கள் என்றாலும், முதலில் தூண் பாறைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டால் மறுப்பதில்லை. மூன்றாவது, படத்துக்குள் அருகிலுள்ள ஏதாவதொன்றை, ஒரு தேயிலைச் செடியையோ பாறையையோ, சேர்த்துக்கொள்வது. பக்கத்தில் ஓர் அழுத்தமான கருமை இருந்தால்தான் தொலைவின் சாம்பல் தொலைவாகவே தெரியும். திருத்தும் செயலியில் மங்கல் நீக்கும் சறுக்கியைச் சிறிதளவு ஏற்றலாம். அளவு மிஞ்சினால் வானம் அழுக்காகி, மலை விளிம்பில் வெள்ளைக் கோடு தோன்றும்.

எதிரொளிப்பைக் குறைக்க லென்சின் முன்னால் மாட்டும் போலரைசர் பில்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். மெல்லிய மங்கலுக்கு அது உதவும், அடர்ந்த மூடுபனிக்கு உதவாது. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் திசையில்தான் அதன் வேலை முழுமையாகத் தெரியும்: பெருவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, ஆள்காட்டி விரலை அதற்குச் செங்கோணமாக வைத்து மணிக்கட்டைச் சுழற்றினால், அந்த விரல் காட்டும் திசைகளெல்லாம் நல்ல திசைகள். மிக அகன்ற லென்சில் வானத்தின் நடுவே கரும்பட்டை விழும். ஆகவே அதில் கழற்றிவிடுங்கள். டிஜிட்டல் கேமராவில் யு.வி. பில்டர் மங்கலைக் குறைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். அது லென்சுக்கு ஒரு காப்பு, அவ்வளவே.

எல்லாப் படங்களும், தெளிந்த வானத்தின் கீழ் எடுத்தவைகூட, பால் கலந்ததுபோல இருக்கின்றன என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: லென்ஸ் பால்போல் மூடியிருக்கிறது

வெளிக்கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தால்

குளிரூட்டிய காரிலிருந்தோ விடுதி அறையிலிருந்தோ புழுக்கமான கடற்கரைக்கு இறங்கியவுடன், அல்லது குளிர்ந்த மலையிலிருந்து சமவெளிக்கு வந்தவுடன் இது நேரும். துடைத்தால் மீண்டும் படியும். குளிர்ந்த இடத்தைவிட்டு வெளியேறும் முன்பே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்ததும் அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. சூரியோதயத்துக்குப் போகிறவர்கள் பையை முந்தைய இரவே குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் அந்த அரை மணியும் மிச்சம்.

உள்ளே ஈரமோ இழையோ தெரிந்தால்

உள்ளே படிந்த ஈரம் ஒருநாள் உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இருந்தால் பெரும்பாலும் போய்விடும். வெயிலில் காயவைப்பதும், ஹேர் டிரையரால் சூடேற்றுவதும், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் தூசு இடுக்குகளில் ஏறிக்கொள்ளும்.

ஈரம் போன பிறகு, லென்சைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்திப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. இந்த இடத்தில் உங்கள் வேலை முடிகிறது. அந்த லென்சை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்காமல் பிரித்து, விரைவில் சர்வீஸுக்குக் கொடுங்கள். தொடக்கத்தில் துடைத்து எடுத்துவிடலாம், நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நம் கடலோர ஊர்களில் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவது, ஒரு லென்ஸ் பழுதுபார்ப்பதைவிட மலிவு.

கடல்நீர் தெறித்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, நல்ல நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கும் ஆசைதான் பல கேமராக்களைக் கொன்றிருக்கிறது. அன்றே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: வானத்தில் சாம்பல் புள்ளிகள்

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் சென்சாரில் (லென்சுக்குப் பின்னால் ஒளியைப் பதிவுசெய்யும் தகட்டில்) தூசு. உறுதிசெய்ய, அபெர்ச்சரை (லென்சில் ஒளி நுழையும் துளையை) மிகச் சிறிதாக எஃப் 22-க்கு வைத்து, ஃபோகஸைக் குலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். இருக்கிற தூசு அத்தனையும் தெரியும். அடுத்து கேமராவின் தன்சுத்த அமைப்பை இரண்டு மூன்று முறை இயக்குங்கள். பிறகு கேமராவைக் குப்புறப் பிடித்து, சென்சார் சுத்தம் செய்யும் முறையில், ஊதுகுமிழால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். இதற்கும் போகாத புள்ளி எண்ணெய்த் துளியாகவோ ஒட்டிய மகரந்தமாகவோ இருக்கும். அதை ஈரமுறையில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதுவரை எஃப் 8-ல் எடுத்தால் புள்ளி பெரும்பாலும் தெரியாது.

கைபேசியில் இதே அறிகுறி வந்தால் கேமராப் பகுதிக்குள் தூசு புகுந்திருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் திறக்க வழியில்லை.

அறிகுறி: இரவில் ஒளியூட்டிய கட்டடத்தின் மேல் பட்டைகளும் பச்சைப் புள்ளிகளும்

குறுக்கே ஓடும் கரும்பட்டைகள் எல்.இ.டி. விளக்கின் துடிப்பால் வருபவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடிக்கு வைத்து, மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் மறையும். பச்சைப் புள்ளிகள் விளக்குகளின் எதிரொளிப்பு: பில்டரைக் கழற்றுங்கள், விளக்கைச் சட்டத்தின் நடுவிலிருந்து நகர்த்துங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். ஆகவே மதில் விளிம்பில் மடித்த துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் கருவியை நிறுத்துவது என் வழக்கம்.

அறிகுறி: கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரை சொல்கிறது

அந்த நொடியில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். "ஃபார்மட் செய்யவா" என்று கேமரா கேட்டால் மறுத்துவிடுங்கள். கார்டை எடுத்து, எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் பக்கத்துச் சிறு பூட்டைப் பூட்டிய நிலைக்குத் தள்ளி, உலர்ந்த துணியால் தொடுமுனைகளைத் துடைத்து, வேறொரு ரீடரில் போட்டுப் பாருங்கள். குறை ரீடரிலோ கேமராவிலோ இருப்பதும் உண்டு. கணினி கார்டைக் காண்கிறது, படங்களைக் காணவில்லை என்றால் மீட்பு மென்பொருளை ஒருமுறை ஓட்டி, மீட்டவற்றை வேறு வட்டில் சேமியுங்கள். கணினி கார்டையே காணவில்லையென்றால், திரும்பக் கிடைக்காத படங்கள் அதில் இருந்தால், தரவு மீட்பவரிடம் போங்கள். வேறெதையும் முயலாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

குறை தெரியும் மூலப் படங்கள் இரண்டு மூன்றை ஒரு பென்டிரைவில் போட்டு, எந்த லென்ஸ், எந்த அபெர்ச்சர், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். "சரியா வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சுத்தம் செய்து திருப்பித் தந்துவிடுவார்கள், குறை அப்படியே இருக்கும். உடலிலும் லென்சிலும் உள்ள வரிசை எண்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். பில்டர், தோளில் மாட்டும் பட்டை, பேட்டரி, கார்டு நான்கையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்ப வாங்கும்போது ஒரு கார்டையும் பேட்டரியையும் கொண்டுபோய், கடை வாசலில் நின்று, தெருவுக்கு எதிரேயுள்ள விளக்குக் கம்பத்தை இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாக எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.